குடற்புண்ணுக்கு எந்த மாத்திரை: அத்தானின் மஞ்சள் பையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் என் அத்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து, கையோடு கொண்டுவந்த மஞ்சள் பையைத் திண்ணையில் கவிழ்த்தார். வழக்கமாக அந்தப் பையில் முருங்கைக்காயோ பனங்கிழங்கோ இருக்கும். அன்று இருந்தவை வேறு. ரபெப்ரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூல் ஓர் அட்டை, எசோமெப்ரசோல் 40 மில்லிகிராம் ஓர் அட்டை, பாதி தீர்ந்த ரானிட்டிடின், இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பாட்டில் அமில முறிவு மருந்து, சுக்ரால்ஃபேட் சிரப், இவற்றோடு சென்னையில் இருக்கும் மருமகன் புதிதாக வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பிய வோனோபிரசான். எல்லாவற்றுக்கும் அடியில் மடித்து வைத்த எண்டாஸ்கோப்பி அறிக்கை. "மாப்ள, இவ்வளவும் வயித்துப் புண்ணுக்குன்னுதான் சொல்லுதாவ. இதுல எதத் திங்க, எதத் தூரப் போட?" என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் என்பதால் உறவுக்காரர்கள் என்னிடம் இப்படிக் கேட்பது வழக்கம். மருந்து எழுதித் தரும் தகுதி எனக்கு இல்லை. அதை அத்தானிடமும் சொன்னேன். அவருக்குக் குடல் சிறப்பு மருத்துவரைப் பார்க்க இன்னும் 3 நாள் இருந்தது. அந்த 3 நாளில், இந்த மருந்துகள் ஒன்றுக்கொன்று எப்படி வேறுபடுகின்றன, அவருடைய உடல்நிலைக்கு எது பொருந்தும், மருத்துவரிடம் எதையெல்லாம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்தேன். அதை விரித்து எழுதியதே இக்கட்டுரை.

அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்: இரைப்பையைத் தாண்டியதும் தொடங்கும் சிறுகுடலின் முதற்பகுதியான டியோடினத்தில் ஒரு புண், அதன் அடிப்பகுதி சுத்தமாக உள்ளது, ரத்தக் கசிவு இல்லை, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமிக்கான சோதனை பாசிட்டிவ். அத்தானின் தொல்லையும் இந்த நோய்க்கே உரிய பாடம் போல இருந்தது. இரவு 2 மணிக்கு மேல்வயிறு காந்தி விழிப்பு வந்துவிடும். இரண்டு ரஸ்க்கைத் தின்றால் அடங்கும். காலையில் இட்லி சாப்பிட்டபின் நன்றாக இருந்து, சந்தையில் ஏலம் முடியும் நேரத்தில் மறுபடி தொடங்கும். இரைப்பைப் புண்ணில் பெரும்பாலும் சாப்பிட்டதும் வலி கூடும். டியோடினத்துப் புண்ணில் சாப்பிட்டால் வலி குறைந்து, 2, 3 மணி நேரம் கழித்துத் திரும்பும். விதிவிலக்குகள் நிறைய உண்டு என்பதால்தான் எண்டாஸ்கோப்பி.

எங்கள் பெரியப்பாவுக்கு இதே நோய் இருந்தது. அவர் சட்டையைக் கழற்றினால் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை ஒரு நீண்ட தழும்பு தெரியும். அரிசி உண்ணும் தென்னிந்தியாவில் டியோடினப் புண்ணும், அது நாள்பட்டு இரைப்பையின் வாயில் சுருங்கி அடைத்துக்கொள்வதும் வடக்கைவிட அதிகம் என்று அந்நாளைய மருத்துவர்கள் எழுதினார்கள். அமிலத்தைத் தூண்டும் வேகஸ் நரம்பை அறுத்துவிட்டு, இரைப்பையைச் சிறுகுடலோடு வேறிடத்தில் இணைத்துத் தைப்பது அப்போது வழக்கமான சிகிச்சை. அமிலம் இல்லையேல் புண் இல்லை என்று கார்ல் ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவர் 1910-இல் சொன்னதையே அறுவை மருத்துவர்களும் பின்பற்றினார்கள், பிறகு வந்த மாத்திரைகளும் பின்பற்றின. அந்தக் கொள்கையில் ஒரு பாதிதான் இருந்தது. மறுபாதி 1980-களில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து வந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பையில் முதலில் கையில் எடுத்தது இளஞ்சிவப்புப் பாட்டில். அலுமினியம் ஹைட்ராக்சைடும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்த இந்த வகை மருந்து, சுரந்து முடிந்த அமிலத்தை முறிக்கிறதே தவிர, சுரப்பதைத் தடுப்பதில்லை. வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் சற்று நீடிக்கும். இதைக் கொண்டே புண்ணை ஆற்ற முடியாதா என்றால், முடியும். 1970-களில் அமெரிக்காவில் அப்படி ஆற்றிக் காட்டினார்கள். ஆனால் அதற்கு வேளைக்கு 30 மில்லி வீதம் ஒரு நாளைக்கு 7 வேளை, அதாவது 210 மில்லி குடிக்க வேண்டியிருந்தது. யாராலும் அப்படி வாரக்கணக்கில் குடிக்க முடியாது. குடித்தாலும் மெக்னீசியம் பேதியாக்கும், அலுமினியம் மலச்சிக்கல் தரும். இரண்டையும் சேர்த்தே தயாரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை, கிருமிக்கொல்லிகளான டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவற்றை உடல் உறிஞ்சவிடாமல் இது தடுக்கும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ஆகவே திடீர்க் காந்தலுக்கு இரண்டு தேக்கரண்டி என்ற அளவில் இதற்கு வீட்டில் இடம் உண்டு. புண்ணுக்கான சிகிச்சையாக இடம் இல்லை.

அடுத்தது ரானிட்டிடின். இரைப்பைச் சுவரிலுள்ள அமிலம் சுரக்கும் செல்களை, உடலே சுரக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருள் தூண்டுகிறது. அந்தத் தூண்டுதல் வந்து பொருந்தும் எச்-2 ஏற்பியை அடைத்துக்கொள்வது இந்த வகை மருந்துகளின் வேலை. பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக் வழிகாட்டிய ஆய்விலிருந்து பிறந்த, இந்த வகையைச் சேர்ந்த சிமெட்டிடின் 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தபோதுதான் வயிற்றைக் கிழிக்காமல் புண்ணை ஆற்றும் காலம் தொடங்கியது; அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரியப்பா சில ஆண்டுகள் பிந்தி நோயாளியாகியிருந்தால் அந்தத் தழும்பு அவருக்கு வந்திராது. சிமெட்டிடின் வேறு பல மருந்துகளோடு மோதும், சில ஆண்களுக்கு மார்பு வீக்கத்தையும் தரும் என்பதால், 1980-களில் வந்த ரானிட்டிடின் அதன் இடத்தைப் பிடித்தது. நான் கடையில் சேர்ந்த காலத்தில் நெல்லைச் சீமையில் 'கேஸ் மாத்திரை' என்றாலே ரானிட்டிடின்தான்.

2019-இல் ரானிட்டிடின் மாத்திரைகளில் என்டிஎம்ஏ என்னும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் மாசு கண்டறியப்பட்டது. மாத்திரை நாள்பட இருக்கையிலும் வெப்பத்திலும் அது கூடுகிறது என்று தெரிந்தபின், 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அதைச் சந்தையிலிருந்தே விலக்கச் சொன்னார்கள். இந்தியாவில் 2022-இல் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ரானிட்டிடின் இல்லை. ஆனாலும் நம் ஊர்க் கடைகளில் அது இன்னும் விற்கிறது. சித்திரை வெயிலில் அத்தான் கடையின் தகரக் கூரைக்குக் கீழ் எத்தனை மாதம் கிடந்ததோ தெரியாத அந்த அட்டையை நான் தயங்காமல் ஒதுக்கினேன். இந்த வகையில் ஒன்று தேவைப்பட்டால் ஃபமோடிடின் இருக்கிறது. அந்த மாசுப் பிரச்சினை அதைத் தொடவில்லை.

ஃபமோடிடினைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. இரவுப்படுக்கைக்கு முன் 40 மில்லிகிராம் எடுத்தால் இரவு அமிலத்தை நன்றாக அடக்கும். சாப்பாட்டு நேரத்தோடு அதை முடிச்சுப் போட வேண்டியதில்லை. பெரும்பாலான மருந்துகளோடு மோதுவதும் இல்லை. குறை இரண்டு. ஒன்று, தொடர்ந்து எடுத்தால் 1, 2 வாரத்தில் உடல் பழகிப்போய் அதன் வலு குறைகிறது. மற்றொன்று, சாப்பிட்டவுடன் பகலில் எழும் அமிலத்தை அதனால் முழுதாக அடக்க முடிவதில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்; இல்லையேல் வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வரக்கூடும்.

இந்த வேறுபாடு புண் ஆறுவதில் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் கேள்வி. டியோடினப் புண் ஆற, இரைப்பையின் பிஎச் அளவு (அமிலம் குறையக் குறைய இது கூடும்) ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் 3-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கண்ட கணக்கு. எச்-2 மருந்துகளால் 4 வாரத்தில் ஏறத்தாழ 100-க்கு 70 முதல் 80 பேருக்கும், 8 வாரத்தில் 90 பேர் அளவுக்கும் புண் ஆறுகிறது. அடுத்து வரும் புரோட்டான் பம்ப் மருந்துகள் அந்த 90-ஐ 4 வாரத்திலேயே எட்டிவிடுகின்றன. கவனித்துப் பார்த்தால் வித்தியாசம் ஆறுமா ஆறாதா என்பதில் இல்லை. எவ்வளவு விரைவாக என்பதில் இருக்கிறது. இரண்டு ரத்த மெலிவு மாத்திரைகளை அன்றாடம் தின்னும் ஒருவருக்கு, ஆறாத புண்ணோடு கழியும் ஒவ்வொரு வாரமும் ரத்தக் கசிவுக்கான வாரம் என்பதால், அந்த விரைவுக்கு அவரிடம் மதிப்பு மிக அதிகம்.

ஆம், அத்தானுக்கு 9 மாதத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டினும் தினமும் எடுக்கிறார். நெஞ்சுவலி வந்த அன்றைக்கு அதை 'கேஸ்' என்று நினைத்துச் சோடா குடித்துவிட்டு 2 மணி நேரம் கடையிலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். வியர்வையோடு, தோளுக்கோ தாடைக்கோ பரவும் மேல்வயிற்று வலிக்கு முதலில் எடுக்க வேண்டியது ஈசிஜி, சோடா அல்ல என்பதை இங்கே சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

புரோட்டான் பம்ப் மருந்துகளில் முதலாவது 1988-இல் வந்த ஓமிபிரசோல். பிறகு லான்சோபிரசோல், பான்டாபிரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் என்று குடும்பம் பெருகியது. அமிலம் சுரப்பதன் கடைசிப் படியில், செல்லிலிருந்து அமிலத்தை வெளியே தள்ளும் பம்ப்பையே இவை பூட்டிவிடுகின்றன. மாத்திரை ரத்தத்தில் 1, 2 மணி நேரமே இருந்தாலும், பூட்டிய பம்ப் மறுபடி திறப்பதில்லை. உடல் புதிய பம்ப்பைச் செய்தால்தான் உண்டு. ஆகவே ஒரு வேளை மாத்திரை ஒரு நாள் முழுதும் வேலை செய்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்பைத்தான் இவற்றால் பூட்ட முடியும். உறங்கும் பம்ப்பைத் தொடாது. பம்ப்புகள் பெருமளவில் விழித்தெழுவது சாப்பிடும்போது. மாத்திரை ரத்தத்தில் இருக்கும் நேரமும் சாப்பாடு வயிற்றில் விழும் நேரமும் ஒத்துப்போக வேண்டும் என்பதால்தான், சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் எடுக்கச் சொல்கிறார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் நம் பக்கத்தில் நடக்கும் தவறுகளைப் பட்டியலிட்டால் கட்டுரை முடியாது. விடிகாலை 4 மணிக்குச் சந்தைக்குப் போகும் அத்தான், எழுந்ததும் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, 9 மணிக்கு இட்லியோடு சேர்த்து மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். அப்படி விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் ஏறுவதற்குள் இட்லிக்காக விழித்த பம்ப்புகள் தங்கள் வேலையை முடித்துவிட்டிருக்கும். வேறு சிலர், மாத்திரை போட்டாயிற்று என்ற தைரியத்தில் காலைச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். சாப்பிடாவிட்டால் மாத்திரைக்குப் பூட்டுவதற்கு ஆள் இல்லை. கந்த சஷ்டி விரதம் இருப்பவர்களும் ரமலான் நோன்பு இருக்கும் மேலப்பாளையத்துச் சகோதரர்களும் அன்றைய பெரிய சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் என்று மாற்றிக்கொண்டால் போதும். புண் புதிதாக இருக்கையில் பட்டினி கிடக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அமிலத்தில் கரைந்துவிடாமலிருக்க மேல்பூச்சு போட்ட மாத்திரைகள் இவை. கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. முதல் நாளே முழுப்பலன் எதிர்பார்க்கவும் கூடாது. 3 நாள் ஆகும்.

இந்தக் குடும்பத்துக்குள் யார் சிறந்தவர் என்ற போட்டி மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் வளர்த்துவிட்டது. ஓமிபிரசோல் 20, லான்சோபிரசோல் 30, பான்டாபிரசோல் 40, ரபெப்ரசோல் 20 ஆகிய அளவுகளில் டியோடினப் புண்ணை ஆற்றுவதில் இவற்றுக்குள் நோயாளிக்குத் தெரியும்படியான வேறுபாடு இல்லை. எசோமெப்ரசோல் 40 அமிலத்தைச் சற்றுக் கூடுதலாக அடக்குவது உண்மை. அது உணவுக்குழாய்ப் புண் கடுமையாக இருப்பவருக்கு உதவலாம். டியோடினத்துக்கு அந்தக் கூடுதல் வேண்டியதில்லை. எனவே வேறு மருந்தெதுவும் எடுக்காத ஒருவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் ஓமிபிரசோலே போதும், கடையில் வாங்குவதானால் மக்கள் மருந்தகத்திலோ, 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ மலிவாகக் கிடைப்பதை வாங்கலாம்.

அத்தானுக்கு அது பொருந்தாது என்பதுதான் இந்த ஒப்பீட்டின் முடிச்சு. குளோபிடோக்ரல் விழுங்கும்போது செயலற்ற பொருள். கல்லீரலில் சிஒய்பி2சி19 என்னும் நொதி அதை மாற்றினால்தான் ரத்தம் உறைவதைத் தடுக்கும். ஓமிபிரசோலும் எசோமெப்ரசோலும் அதே நொதியை மறித்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2009 முதல் இந்த இரண்டையும் குளோபிடோக்ரலோடு சேர்க்க வேண்டாம் என்று எச்சரித்து வருகிறது. இதனால் மாரடைப்பு கூடுகிறதா என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் இருந்தாலும், மோதாத மாற்று கையருகே இருக்கும்போது அந்த விவாதத்தின் முடிவுக்காகப் புதிய ஸ்டென்ட் வைத்தவர் காத்திருக்க வேண்டியதில்லை. பான்டாபிரசோல் அந்த நொதியை மிகக் குறைவாகவே தொடுகிறது. ஆகவே பையிலிருந்த எசோமெப்ரசோல், வலிமை மிக்கதாக இருந்தும், ஒதுக்கப்பட்டது. பையிலேயே இல்லாத பான்டாபிரசோல் 40 பட்டியலின் தலைக்கு வந்தது.

ரபெப்ரசோல் இருக்கிறதே என்று அத்தான் கேட்டார். தனி ரபெப்ரசோலாக இருந்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. அவர் வைத்திருந்த கேப்சூலில் டாம்பெரிடோன் சேர்ந்திருக்கிறது. வாந்தி, வயிற்று உப்புசத்துக்கான அந்த மருந்துக்கு டியோடினப் புண்ணை ஆற்றுவதில் எந்தப் பங்கும் இல்லை. இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கும் ஆபத்து உண்டு, அதுவும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் கூடுதலாக. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-இல் அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் குறுக்கினார்கள். நம் பக்கத்தில் காய்ச்சலுக்குப் போனாலும் கால்வலிக்குப் போனாலும் இந்தக் கூட்டுக் கேப்சூல் சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 66 வயதில் ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு இதை எழுதித் தந்தவரை நான் குறை சொல்லமாட்டேன். ஸ்டென்ட் பற்றி அத்தான் அவரிடம் வாயே திறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மருமகனின் வோனோபிரசான் உண்மையிலேயே புதிய வகை. 2014-இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்றது. சில ஆண்டுகளாக இங்கும் கிடைக்கிறது. பம்ப் உறங்கினாலும் விழித்திருந்தாலும் இது தடுக்கும்; சாப்பாட்டு நேரம் பார்க்க வேண்டியதில்லை; முதல் நாளிலேயே முழுவேகத்தில் வேலை செய்யும். விடிகாலையில் எழுந்து நேரம் தப்பிச் சாப்பிடும் சந்தைக்காரருக்கு இதைவிட வசதியானது இல்லை என்று தோன்றும். ஆனால் டியோடினப் புண்ணில் லான்சோபிரசோலோடு ஒப்பிட்டு ஜப்பானில் பார்த்தபோது, 6 வாரத்தில் இரு பக்கத்திலும் 100-க்கு 95-க்கு மேற்பட்டவர்களுக்கு ஆறிவிட்டது, புதியது முந்தவில்லை. கிருமியை ஒழிக்கும் கூட்டுச் சிகிச்சையில்தான் இதன் வலிமை நன்றாகத் தெரிகிறது. குளோபிடோக்ரலின் செயலை இதுவும் குறைக்கக்கூடும் என்ற எச்சரிக்கை இருப்பதால், அத்தானுக்கு இது முதல் தேர்வு ஆகாது. மருமகனுக்கு அதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

சுக்ரால்ஃபேட் அமிலத்தைக் குறைப்பதே இல்லை. புண்ணின் மேல் பசைபோலப் படிந்து காக்கிறது. தனியாகக் கொடுத்தால் எச்-2 மருந்துகளுக்கு இணையாகவே டியோடினப் புண்ணை ஆற்றும். ஆனால் ஒரு கிராம் வீதம் நாளுக்கு 4 வேளை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், மலச்சிக்கல் வரும், மற்ற மாத்திரைகளை 2 மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். அது பசையாக மாறுவதற்கே அமிலம் வேண்டும் என்பதால், அமிலத்தை முற்ற அடக்கும் மாத்திரையோடு சேர்த்து எழுதும் பழக்கத்துக்கு எனக்குக் காரணம் விளங்கியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் புண்ணை ஆற்றுவது பற்றி. அது திரும்ப வராமல் இருப்பது வேறு கணக்கு. பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் இந்தக் கிருமியை 1982-இல் வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமியை விட்டுவைத்து அமிலத்தை மட்டும் அடக்கினால், மாத்திரையை நிறுத்திய ஓராண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் புண் திரும்புகிறது. கிருமியை ஒழித்துவிட்டால் மிகச் சிலருக்கே திரும்புகிறது. அமில மாத்திரைகளில் எது உயர்ந்தது என்ற ஒப்பீட்டில் எங்கும் இவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை.

அத்தானுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவராகச் சொல்லவில்லை, அக்கா தொலைபேசியில் சொன்னாள். முழங்கால் வலிக்கு மாதக்கணக்காக டைக்ளோஃபினாக் தின்றிருக்கிறார். சீட்டில்லாமல் கடையில் வாங்கியது. ஆஸ்பிரின் மேல் டைக்ளோஃபினாக் என்பது புண்ணுக்கும் கேடு, ஸ்டென்ட்டுக்கும் கேடு. இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு முழுதாக இல்லை. பீடி சுற்றிச் சுற்றி முதுகு பிடித்துக்கொண்டு வந்த பெண்களுக்கும், நடவு முடிந்து இடுப்பொடிந்து வந்தவர்களுக்கும், "அண்ணாச்சி, வலி மாத்திரையோட ஒரு கேஸ் மாத்திரையும் சேத்துத் தாங்க" என்று கேட்டதைக் கேட்டபடி எண்ணிக் கத்தரித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அத்தானுக்கு மூட்டுவலிக்குப் பாராசிட்டமாலும் மேற்பூச்சு மருந்தும் போதுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். ஆஸ்பிரினை மட்டும் அவராக நிறுத்திவிடக் கூடாது. அது இதய மருத்துவரின் முடிவு.

புதன்கிழமை மருத்துவர் எழுதியது: பான்டாபிரசோல் 40 இரு வேளை, அதோடு கிருமியை ஒழிக்கப் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், எல்லாம் 14 நாள், பிறகு பான்டாபிரசோல் ஒரு வேளையாகத் தொடரும். கிளாரித்ரோமைசின் சேர்ந்த வழக்கமான கூட்டை அவர் தவிர்த்ததற்கு, கிருமி அதற்குப் பழகிவிட்டது ஒரு காரணம், அது அட்டோர்வாஸ்டாட்டினை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பது மற்றொன்று. பிஸ்மத் மலத்தையும் நாக்கையும் கறுப்பாக்கும் என்று முன்கூட்டிச் சொல்லி அனுப்பினார். வெறும் கறுப்பு வேறு. தார்போல ஒட்டி, நாற்றமெடுத்து, தலைசுற்றலோடு போனால் அது ரத்தம், ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு உடனே வர வேண்டும். டெட்ராசைக்ளினோடு பால் கூடாது என்றதும் அக்காவுக்கு வருத்தம். புண்ணுக்குப் பால் நல்லது என்று இரவில் ஒரு டம்ளர் கொடுத்துவந்தாள். குடித்ததும் குளிர்ந்தாலும், பிறகு பாலே அமிலத்தைத் தூண்டும். மணத்தக்காளிக் கீரைக்கு மட்டும் தடை இல்லை.

பான்டாபிரசோலை எவ்வளவு காலம் என்று அத்தான் கேட்டார். கிருமி மட்டுமே காரணமாக இருந்த ஓர் இளைஞருக்கு, புண் ஆறி, கிருமியும் போய்விட்டால், நிறுத்திவிடலாம். ஆண்டுக்கணக்கில் காரணமில்லாமல் தின்றால் பி12 சத்தும் மெக்னீசியமும் குறையக்கூடும். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட எகிறும். நோயே இல்லாத தன்னார்வலர்களுக்கு 8 வாரம் கொடுத்து நிறுத்தியபோதே அவர்களில் பலருக்கு நெஞ்செரிச்சல் வந்தது. அந்த எரிச்சலைப் புண் திரும்பியதாக நினைத்து மறுபடி தொடங்குகிறவர்கள்தான் பத்தாண்டுகளாக நிறுத்தமுடியாமல் இருப்பவர்களில் பலர். அத்தானின் கணக்கு வேறு. புண் வந்த வரலாற்றோடு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தொடரும்வரை, அவருக்கு அந்த ஒரு வேளை மாத்திரை காவல்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். கிருமி போய்விட்டதா என்று கிருமிக்கொல்லி முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சுச் சோதனை செய்து பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய 2 வாரம் பான்டாபிரசோல் எடுத்தால் இருக்கும் கிருமியையும் இல்லை என்று சோதனை காட்டிவிடும். அந்த 2 வாரக் காவலுக்கு, அதன்முன் புண் ஆறியிருக்கும் என்ற கணக்கில், மருத்துவர் எழுதித் தந்தது இரவு ஒரு ஃபமோடிடின் 40. அது மூச்சுச் சோதனையைப் பெரிதாகக் கெடுக்காது, குளோபிடோக்ரலோடும் மோதாது. அக்கா காலண்டரில் இரண்டு தேதிகளையும் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். எண்டாஸ்கோப்பி அறிக்கை பீரோவுக்குப் போய்விட்டது. மஞ்சள் பையில் அடுத்த வாரம் முருங்கைக்காய் வந்தது.